சில்லறைக் கடைகளின் லாபக் கணக்கு: யார், எதை, எப்போது வெளியிட வேண்டும்?

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்கும் மலேசிய நிறுவன ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் ஆணைய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

வெங்காயமோ கோழியோ விலை ஏறும்போதெல்லாம் "கடைக்காரர்கள் தங்கள் லாபத்தைப் பகிரங்கமாகச் சொல்லட்டும்" என்ற குரல் எழுகிறது. தீபாவளி நெருங்கினால் அது மஸ்ஜிட் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இன்னும் உரக்கக் கேட்கும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்பது அவர்கள் வாதம். கோலாலம்பூரில் கடைகளின் கொள்முதல் பில், கல்லாக் கணக்கு, கையிருப்புப் பட்டியல் ஆகியவற்றை வைத்து ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அந்தக் கோரிக்கையில் பாதி சரி என்பது எங்கள் கருத்து. பெரிய சங்கிலிக் கடைகள் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நிகர லாபம் என்று ஒரே ஓர் எண்ணைக் கேட்டால் அதில் விலை ஏன் ஏறியது என்பது தெரியாது. தெருமுனை மளிகைக் கடையிடமும் அதையே கேட்டால் கிடைப்பது காகிதக் குப்பைதான்.

இன்றைக்கே எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குகிறோம். வீட்டுச் சாமான் விற்கும் மிஸ்டர் டிஐஒய் 2020 அக்டோபரில் புர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலானது. 99 ஸ்பீட்மார்ட் மளிகைச் சங்கிலி 2024 செப்டம்பரில். ஏயோன் பேரங்காடி நெடுநாளாகவே அங்கே இருக்கிறது. இவை காலாண்டு முடிந்த இரண்டு மாதத்துக்குள் கணக்கு வெளியிட்டாக வேண்டும். எவரும் எடுத்துப் படிக்கலாம்.

பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனங்களின் கதை வேறு. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் பங்குதாரர்களுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து 30 நாளுக்குள் ஆணையத்திடம் பதிய வேண்டும். பதிந்ததைக் கட்டணம் செலுத்தி யாரும் வாங்கலாம். டிசம்பர் 31இல் ஆண்டு முடிக்கும் நிறுவனத்தின் கணக்கு ஜூலைக் கடைசியில்தான் கைக்கு வரும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை 260ஆம் பிரிவு. பங்குதாரர்கள் 20 பேருக்கு மேற்படாமல், அவர்களில் ஒருவர்கூட நிறுவனமாக இல்லாமல் இருந்தால், அது விலக்குப் பெற்ற தனியார் நிறுவனம். அது கணக்குக்குப் பதிலாக, கடனைத் தவணைக்குள் அடைக்கும் நிலையில் இருக்கிறோம் என்று ஒரு சான்றிதழை மட்டும் கொடுத்தால் போதும்.

இந்த விலக்கில் விற்பனை அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அண்ணன் தம்பிகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே பங்கு வைத்துக்கொண்டு முப்பது கிளை நடத்தினாலும் கணக்கு வெளியே வராது. அதே குடும்பம் நடுவில் ஒரு முதலீட்டு நிறுவனத்தை வைத்துப் பங்கைப் பிடித்திருந்தால், இரண்டே கிளை என்றாலும் கணக்கைப் பதிய வேண்டும். கடை எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்காமல் பங்குப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்கிறது சட்டம். ஒருவரே முதலாளியாக இருக்கும் தனியுரிமைக் கடைகளுக்கும் கூட்டு வியாபாரங்களுக்கும் ஆணையத்திடம் கணக்குப் பதியும் கடமையே கிடையாது. அவர்கள் கணக்கு வருமான வரி வாரியத்தோடு முடிகிறது. அது அப்படியே இருக்கட்டும் என்பதற்கான காரணத்தை ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறோம்.

மாதம் 100,000 ரிங்கிட் விற்கும் ஒரு மளிகைக் கடை. எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. ஆனால் கோலாலம்பூர்க் கடைக்காரர் யாரும் இவற்றைப் பார்த்துச் சிரிக்கமாட்டார். விற்ற சரக்கின் கொள்முதல் 85,000. மிச்சம் 15,000. மூன்று பேருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வீதம் 5,100; இபிஎஃப் சேமநிதியிலும் சொக்சோ காப்புறுதியிலும் முதலாளி பங்கைச் சேர்த்தால் ஏறத்தாழ 5,860. கடை வாடகை 4,000. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பதைக் கடை வாடகை கட்டுபவரைக் கேட்டால் நன்றாகச் சொல்வார். குளிர்பதனப் பெட்டிகளோடு மின்சாரம் 1,800. அழுகியது, காலாவதியானது, காணாமல் போனது 1,500. வண்டி, பை, அட்டைக் கட்டணம், உரிமம் 800. கூட்டினால் 13,960. கையில் நிற்பது 1,040 ரிங்கிட்.

இதில் கடைக்காரரின் சொந்தச் சம்பளம் எங்கே? தனியுரிமைக் கடையில் முதலாளி கல்லாவிலிருந்து எடுப்பது செலவாகாது. லாபத்திலிருந்து எடுத்ததாகவே எழுதப்படும். ஆகவே இந்தக் கடை 1,040 லாபம் காட்டும், காலை ஏழு மணி முதல் இரவு பத்து மணி வரை அவர் நின்ற வேலைக்குக் கூலியே இல்லாமல். அதே கடையைச் செண்டிரியான் பெர்ஹாட் ஆக்கி, இயக்குநர் சம்பளமாக மாதம் 4,000 எழுதினால், அதே கல்லா, அதே சரக்கு, 2,960 நட்டம். இரண்டு எண்ணையும் நீங்கள் ஓர் இணையதளத்தில் அருகருகே போட்டால் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? முதல் கடை சம்பாதிக்கிறது, இரண்டாவது கடை ஏழை என்றுதானே!

ஆண்டுக் கடைசிக் கையிருப்பு இன்னொரு ஓட்டை. டிசம்பர் 31 இரவு சரக்கை எண்ணி, வாங்கிய விலை அல்லது விற்றால் கிடைக்கக்கூடிய நிகர விலை, இவற்றில் எது குறைவோ அதைப் போட வேண்டும். சிறு கடைகளில் எண்ணுவது அரிது. அலமாரியை ஒரு பார்வை பார்த்து மதிப்புப் போடுவார்கள். மேலே சொன்ன கடையின் ஆண்டு லாபம் 12,480. கையிருப்பை 5,000 ரிங்கிட் கூட்டிப் போட்டால் விற்ற சரக்கின் அடக்கம் அவ்வளவு குறைந்து, லாபம் அப்படியே 5,000 கூடும்; அதாவது 40 விழுக்காடு. யாரும் திருடவில்லை, ஏமாற்றவில்லை. எண்ணத் தவறியதுதான். இப்படிப்பட்ட எண்ணைப் பகிரங்கப்படுத்தி எவரைத் தண்டிப்பது?

இனிப் பெரிய கடைகளுக்கு வருவோம். 99 ஸ்பீட்மார்ட்டின் 2023 விற்பனை சுமார் 9.2 பில்லியன் ரிங்கிட், வரிக்குப் பிந்திய லாபம் சுமார் 400 மில்லியன். ரிங்கிட்டுக்கு நாலு சென்னுக்குச் சற்று மேல். அதே ஆண்டு மிஸ்டர் டிஐஒய் ஏறத்தாழ 4.4 பில்லியன் விற்று 560 மில்லியன் லாபம் பார்த்தது. ரிங்கிட்டுக்குப் பதின்மூன்று சென்னுக்கு அருகில். ஏயோன் சுமார் 4.1 பில்லியனுக்கு 115 மில்லியன். மூன்று சென்கூட இல்லை. இதை வைத்து மிஸ்டர் டிஐஒய் கொள்ளையடிக்கிறது, ஏயோன் தர்மம் செய்கிறது என்று சொல்ல முடியாது. திருகாணியும் பிளாஸ்டிக் வாளியும் அரிசியைப் போல் வாரம் ஒருமுறை விற்றுத் தீர்பவை அல்ல. அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கும், அதற்கு விலையில் இடம் வேண்டும். ஏயோன் கடை மட்டும் நடத்தவில்லை, பேரங்காடிக் கட்டடங்களையும் வாடகைக்கு விடுகிறது. அதன் கணக்கைப் பிரிவு பிரிவாகப் பார்த்தால், விற்பனையில் சிறிய பங்கான வாடகைப் பிரிவே செயல்பாட்டு லாபத்தில் பெரிய பங்கைத் தருகிறது. மூன்று சென் என்ற எண்ணில் இது எதுவும் தெரியாது.

"எங்களுக்கு ரிங்கிட்டுக்கு நாலு சென்தான்" என்பது எந்த நாட்டிலும் பெரிய கடைகள் சொல்லும் வாசகம். பொய் அல்ல. ஆனால் அது விற்பனைமேல் கிடைக்கும் லாபம், போட்ட பணத்தின்மேல் கிடைக்கும் லாபம் அல்ல. 100,000 ரிங்கிட் சரக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை சுழன்றால் விற்பனை கிட்டத்தட்ட 12 லட்சம். நாலு சென் வீதம் 48,000. போட்ட 100,000க்கு 48 விழுக்காடு. அந்த 100,000கூடக் கடையின் பணமாக இருக்க வேண்டியதில்லை. சரக்கு 30 நாளில் விற்றுவிடுகிறது, சப்ளையருக்கு 60 நாள் கழித்துத்தான் பணம் என்றால், நடுவில் உள்ள 30 நாளும் சப்ளையர் காசில்தான் கடை ஓடுகிறது. கேமரன் மலையிலிருந்து கோஸ் அனுப்பும் தோட்டக்காரர் பேரங்காடிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதே இதன் பொருள். ஆகவே லாப எண்ணோடு சரக்கு சராசரியாக எத்தனை நாள் கடையில் நிற்கிறது, சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது என்ற இரண்டு எண்ணையும் கேட்காவிட்டால், நாலு சென் என்பது வெறும் அனுதாபம் தேடும் எண்ணாக மட்டுமே நிற்கும்.

அடுத்து, சப்ளையர் கடைக்குத் தரும் பணம். புதுப் பொருளை அலமாரியில் ஏற்றக் கட்டணம், கண்ணுக்கு நேரான தட்டில் வைக்கக் கட்டணம், விளம்பரத் தாளில் படம் போடக் கட்டணம், ஆண்டுக்கு இவ்வளவு விற்றால் இவ்வளவு கழிவு. கொள்முதல் கழிவைச் சரக்கின் விலையிலிருந்து கழிக்க வேண்டும் என்று கணக்கியல் தரங்கள் சொல்கின்றன. ஆனால் அலமாரிக் கட்டணத்தை ஒரு நிறுவனம் கொள்முதலில் கழிக்கும், இன்னொன்று "இதர வருமானம்" என்று கீழே தனி வரியில் போடும். விற்பனையிலிருந்து சரக்கின் விலையை மட்டும் கழித்தால் வரும் மொத்த லாபம் முதல் கடைக்கு 18 விழுக்காடு, இரண்டாவதன் மொத்த லாபம் 14 விழுக்காடு என்று தெரியும். இரண்டும் வாங்கிய பணம் ஒன்றேதான். எந்தக் காலத்துக்கு உரியது என்பதிலும் விளையாடலாம். பிரிட்டனில் டெஸ்கோ 2014 செப்டம்பரில் தன் அரையாண்டு லாப மதிப்பீடு 250 மில்லியன் பவுண்டு கூடுதலாகக் காட்டப்பட்டிருந்ததாக அறிவித்தது இப்படித்தான்: பின்னால் வர வேண்டிய சப்ளையர் பணத்தை முன்னதாகவே வரவு வைத்திருந்தார்கள். தணிக்கை, பங்குச் சந்தை, முழு வெளியீடு எல்லாம் இருந்த நிறுவனம் அது.

மூன்றாவது, உடன்பிறந்த நிறுவனங்கள். கடை ஒரு நிறுவனம். கடை நிற்கும் கட்டடம் அதே குடும்பத்தின் வேறொரு நிறுவனம். போர்ட் கிள்ளானில் வெங்காயக் கொள்கலனை இறக்குவது மூன்றாவது. சொந்த முத்திரை மிளகாய்த்தூளைப் பொட்டலம் போடுவது நான்காவது. இறக்குமதி நிறுவனம் கிலோ 3 ரிங்கிட்டுக்கு வாங்கி உடன்பிறந்த கடைக்கு 4.70க்கு விற்று, கடை 5க்கு விற்றால், கடையின் கணக்கில் கிலோவுக்கு முப்பது சென்தான் லாபம். மீதி 1.70 பயனீட்டாளர் பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருக்கும். வாடகையை உயர்த்தினாலும் இதுவே நடக்கும். கடையின் நிகர லாபத்தை மட்டும் வெளியிடச் சொல்லிச் சட்டம் போட்ட மறு ஆண்டே இந்த மாற்றங்கள் எல்லாம் எழுதப்பட்டுவிடும். நாங்கள்தான் அந்த வேலையைச் செய்யக் கூப்பிடப்படுவோம் என்பதால் உறுதியாகச் சொல்கிறோம்.

அமைச்சின் கையில் ஏற்கெனவே இருக்கும் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடைச் சட்டம், அதாவது 723ஆம் சட்டம். நிறுவனத்துக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதம், மறுமுறை பத்து லட்சம். தனிநபருக்கு 100,000 வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். 21ஆம் பிரிவின்கீழ் அதிகாரிகள் கடைக்குப் பொருள் விவரம் உறுதிப்படுத்தும் நோட்டீஸ் கொடுத்துக் கொள்முதல் பில்களைக் கேட்கிறார்கள். விவரம் அரசுக்குப் போகிறது, மக்களுக்கு வருவதில்லை.

அதிலுள்ள அளவுகோல்தான் எங்களுக்குக் கோணலாகப் படுகிறது. 2018 விதிமுறைகள்படி ஒரு பொருளின் லாப விழுக்காடு, அந்த நிதியாண்டின் அல்லது நாட்காட்டி ஆண்டின் முதல் நாளில் இருந்ததைத் தாண்டினால் அது நியாயமற்ற லாபம். ஜனவரி 1இல் பத்து ரிங்கிட் பொருளைப் பதினெட்டுக்கு விற்றவருக்கு 80 விழுக்காடு வரை ஆண்டு முழுதும் கவலையில்லை. அதே நாளில் புத்தாண்டுத் தள்ளுபடி என்று 10.50க்கு விற்றவர் மார்ச்சில் 11க்கு விற்றால் 5 விழுக்காடு 10 ஆகிவிட்டது. விதியின் எழுத்துப்படி அவர்தான் மாட்டிக்கொள்கிறார். விவரம் தெரிந்த கடைக்காரர்கள் ஆண்டின் முதல் நாளில் தள்ளுபடி போடுவதில்லை. ஒரே நாளை விட்டுவிட்டு, முந்தைய பன்னிரண்டு மாதச் சராசரியை அடிப்படையாக வைத்தால் இந்தத் தந்திரம் பெரிதும் அடங்கும்.

அந்த விழுக்காட்டைக் கணக்கிடுவதிலும் அழுகல் விடுபடுகிறது. 20 கிலோ வெங்காய மூட்டை, கிலோ 4 ரிங்கிட். பில்லில் 80. இரண்டு கிலோ அழுகிப் போனால் விற்க மிஞ்சுவது 18 கிலோ. அடக்க விலை கிலோ 4.44. கடையில் 5 ரிங்கிட். பில்லை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அது 25 விழுக்காடு லாபம், உண்மையில் 12.5. மழைக்காலத்தில் ஈரத்தோடு வந்த மூட்டையில் நாலு கிலோ போனால் லாபமே இல்லை, 80க்கு வாங்கி 80க்கு விற்றதாகிவிடும். அழுகியதை எடை போட்டு எழுதி வைக்கும் பழக்கம் பேரங்காடிகளில் உண்டு, மளிகைக் கடைகளில் கிடையாது. நோட்டீஸ் வந்தால் திண்டாடுவது மளிகைக் கடைதான்.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் விலை குறையும் என்று நம்புவோருக்கு டென்மார்க்கின் கதையைச் சொல்ல வேண்டும். 1993இல் அங்கே போட்டி ஆணையம், கட்டுமானத்துக்கான ஆயத்தக் கான்கிரீட்டை ஒவ்வொரு நிறுவனமும் தள்ளுபடி போக உண்மையில் என்ன விலைக்கு விற்கிறது என்பதை மூன்று வட்டாரங்களில் வெளியிடத் தொடங்கியது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 விழுக்காடு ஏறியது. ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்துப் போட்டி போட்டவர்களுக்கு, அடுத்தவன் என்ன கொடுக்கிறான் என்பது ஆணையத்தின் வெளியீட்டிலேயே வந்துவிட்டது. பிறகு யார் குறைப்பார்கள்? செலாயாங் மொத்தச் சந்தையில் இன்று காலை யாருக்கு என்ன விலையில் தக்காளி கிடைத்தது என்று கடை வாரியாக வெளியிட்டால் இங்கும் அதுவே நடக்கும்.

இஸ்ரேலில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2014இல் போட்ட சட்டப்படி, 2015 மே முதல் பெரிய உணவுக் கடைகள் ஒவ்வொரு கிளையிலும் விற்கும் விலையை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஆய்வாளர்கள் கணக்குப்படி விலை 4 முதல் 5 விழுக்காடு இறங்கியது. அங்கே திறந்தது வாங்குபவர் தரும் விலையை. டென்மார்க்கில் திறந்தது விற்பவர்களுக்கு இடையில் மட்டுமே இருக்க வேண்டிய பேரத்தை. நம் அமைச்சின் பிரைஸ்கேட்சர் விலைத் தளம் இஸ்ரேல் வகை வேலையைத்தான் செய்கிறது: அதிகாரிகள் கடை கடையாகச் சேகரிக்கும் விலைகள் அரசின் திறந்த தரவுத் தளத்திலும் கிடைக்கின்றன. நல்ல வேலை. ஆனால் சேகரிப்பவர் கால் போகும் கடைகள் வரைதான் அது போகும். பெரிய சங்கிலிகளின் கணினியில் அதே விலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. நாள்தோறும் கோப்பாக அனுப்பச் சொன்னால் அதிகாரிகள் சோவ் கிட், செந்தூல் சந்தைகளில் கூடுதல் நேரம் செலவிடலாம்.

லாபத்தைத் திறப்பதற்கு நாங்கள் பின்பற்றச் சொல்வது பிரான்ஸ். உணவுப் பொருள்களின் விலையும் லாபமும் எப்படி உருவாகின்றன என்று பார்க்க 2010இல் அங்கே ஒரு கண்காணிப்பகம் அமைத்தார்கள். பெரிய சங்கிலிகளிடம் பிரிவு வாரியாகக் கணக்கு வாங்கி, நிறுவனப் பெயர் இல்லாமல் கூட்டுச் சராசரியாக நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தருகிறது. இறைச்சி வெட்டும் பிரிவும் மீன் பிரிவும் பெரும்பாலும் நட்டத்தில் ஓடுகின்றன, பதப்படுத்திய பன்றியிறைச்சிப் பிரிவு நல்ல லாபத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அதனால்தான் தெரிய வந்தது. இந்த ஒரு தகவல், பத்து நிறுவனங்களின் நிகர லாபத்தைவிட விவசாயிக்கும் பயனீட்டாளருக்கும் பயன்படும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. முதலில் எல்லை. வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் என்ற மின்னியல் பில் முறை 2024 ஆகஸ்டில் முதலில் பிடித்தது ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியவர்களை. அதே கோட்டை இங்கும் பயன்படுத்துங்கள். புதுக்கோடு கீற வேண்டியதில்லை. ஆனால் தனித்தனி நிறுவனத்தின் விற்பனையைப் பார்க்காமல், ஒரே குடும்பத்தின் அல்லது ஒரே உரிமையாளரின் கடை, இறக்குமதி, கட்டடம், பொட்டலம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் கிளைக்கு ஒரு நிறுவனம் பதிந்து கோட்டுக்குக் கீழே நின்றுகொள்வார்கள். கோட்டைத் தாண்டியவர்களுக்கு 260ஆம் பிரிவின் சான்றிதழ் சலுகை இல்லை. முழுக் கணக்கையும் பதிய வேண்டும். இதற்கு நிறுவனச் சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும். ஆணையம்தான் முன்வர வேண்டும்.

அடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொருள் வகை வாரியான அறிக்கை. அரிசி, மாவு, பருப்பு ஒரு வகை. எண்ணெயும் சீனியும் ஒன்று. காய்கறி, வெங்காயம், பழம் ஒன்று. கோழி, முட்டை, இறைச்சி, மீன் ஒன்று. பால் பொருளும் குழந்தை உணவும் ஒன்று. பொட்டல உணவு, வீட்டுச் சுத்தப் பொருள், மற்றவை. ஒவ்வொன்றுக்கும் விற்பனை, தள்ளுபடிக் கழிவுக்கு முந்திய கொள்முதல், சப்ளையர் தந்த எல்லாப் பணமும் தனி வரியில், அழுகல், பிறகு மொத்த லாபம். நிகர லாபத்தை வகை வாரியாகக் கேட்க வேண்டாம். வாடகையைத் தரை அளவால் பிரிப்பதா, விற்பனையால் பிரிப்பதா, குளிர்பதன மின்சாரத்தை யார் தலையில் போடுவது என்று சண்டை தொடங்கிவிடும். பிரிக்கும் முறையை மாற்றி எந்த வகையையும் நட்டமாகக் காட்டிவிடலாம். பிரான்ஸில் பொது அமைப்பு ஒன்று ஒரே முறையை எல்லாருக்கும் போடுவதால் சமாளிக்கிறார்கள். இங்கே முதல் சில ஆண்டுக்கு மொத்த லாபமே போதும். உடன்பிறந்த நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு, குடும்பத்துக்கு வெளியே முதலில் கொடுத்த விலையைப் போட வேண்டும். போர்ட் கிள்ளான் எடுத்துக்காட்டில் அது 4.70 அல்ல, 3. குடும்பக் கட்டடத்துக்குக் கட்டிய வாடகையையும் மேலாண்மைக் கட்டணத்தையும் தனியே காட்ட வேண்டும். சரக்கு நிற்கும் நாள், சப்ளையருக்குப் பணம் போகும் நாள் என்ற இரண்டு எண்களும் கட்டாயம்.

வெளியிடும்போது ஆறு மாதம் தாமதித்து, வகை அளவில் மட்டும் வெளியிடுங்கள். தனிப் பொருளின் இன்றைய கொள்முதல் விலை வெளியே வரக் கூடாது. டென்மார்க்கை நினைவில் வையுங்கள். நோட்டீஸ் அதிகாரம் 21ஆம் பிரிவில் இருப்பதால், தனிப் பொருள் விவரம் தேவைப்பட்டால் அமைச்சு தனியே கேட்டுக்கொள்ளலாம்.

செலவு அதிகம் என்று சங்கிலிகள் முறையிடும். கேட்க வேண்டாம். இந்த அளவுக் கடைகளில் பார்கோடு ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒரு வகையின்கீழ் இருக்கிறது; வகை வாரி மொத்த லாப அறிக்கை மேலாளர்களின் மேசைக்கு வாரந்தோறும் போகிறது. சப்ளையர் கட்டணங்களுக்கும் இன்வாய்ஸ் உண்டு. அமைச்சு கேட்கும் வகைப் பெயர்களுக்குக் கடையின் வகைப் பெயர்களைப் பொருத்துவது ஒருமுறை செய்யும் வேலை. அதுதான் உண்மையான செலவு.

சட்டத் திருத்தத்துக்குக் காலம் பிடிக்கும் என்பது தெரியும். காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் அடிப்படைப் பொருள் வாங்க அரசு தரும் சாரா உதவியாக 100 ரிங்கிட் மைகாட் அடையாள அட்டை வழியாகக் கொடுக்கப்பட்டது. சுமார் இரண்டு பில்லியன் ரிங்கிட் பொதுப் பணம், பதிவு பெற்ற கடைகளின் கல்லாவுக்குள் போனது. பெரும் பங்கு பெரிய சங்கிலிகளுக்குப் போயிருக்கும் என்று ஊகிக்கக் கணக்கர் தேவையில்லை. அடுத்த சுற்றுப் பதிவில் 100 மில்லியனைத் தாண்டிய கடைகளுக்கு இந்த வகை வாரி அறிக்கையை ஒப்பந்த நிபந்தனை ஆக்குங்கள். அரசுப் பணம் வேண்டுமென்றால் அந்தப் பொருள்களில் எவ்வளவு லாபம் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் சொல்ல வேண்டாம். மளிகைக் கடைகள் இப்போதுபோலவே விலைச்சீட்டோடு பங்கெடுக்கட்டும்.

ஒரே ஒரு பொருளில் சோதித்துப் பார்க்க விரும்பினால் வெங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வெங்காயம் பெரும்பாலும் இறக்குமதி. இந்தியா 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது, டிசம்பரில் தடையே விதித்தது, 2024 மேயில் தடையை நீக்கியது, கடைசி 20 விழுக்காடு வரியை 2025 ஏப்ரல் 1 முதல் எடுத்தது. தேதிகள் தெளிவாக இருப்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு கொள்முதல் விலை எத்தனை வாரத்தில் நகர்ந்தது, கடை விலை எத்தனை வாரத்தில் நகர்ந்தது என்று அருகருகே வைத்துப் பார்க்க முடியும். ஏறும்போது ஒரு வாரத்தில் ஏறி, இறங்கும்போது இரண்டு மாதம் எடுத்துக்கொண்டதா? எடுத்துக்கொண்டிருந்தால் அந்த இடைவெளிப் பணம் இறக்குமதியாளரிடம் நின்றதா, மொத்த வியாபாரியிடமா, கடையிலா? 2023 ஆகஸ்ட் முதல் 2025 ஜூன் வரையிலான கொள்முதல் இன்வாய்ஸ்களை வரிச் சட்டப்படி ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆகவே அவை எல்லாக் கடைகளிலும் இருக்கின்றன. 21ஆம் பிரிவின்கீழ் பத்துப் பெரிய சங்கிலிகளிடம் கேட்டுப் பெற்று, பெயர் நீக்கி, மாத வாரியாக ஓர் அட்டவணை வெளியிட அமைச்சுக்கு இன்றைய அதிகாரமே போதும் என்பது எங்கள் கருத்து. அட்டவணையின் பத்திகள் என்னவாக இருக்க வேண்டும், அழுகலை எப்படிச் சேர்ப்பது என்பதை எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கோலாலம்பூரில் சில்லறைக் கடைகளின் கணக்கு வேலை செய்வோர் சிலர்